ஒரு கை குறைந்த நட்சத்திரம்

வின்சன்ட் பாஸ் தலவிலையில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். சுவரில் கீறுவது அவருக்குப் பழக்கமில்லை. வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார்.

"போட்ல எழுதுறது லேசு டீச்சர். பிழைச்சா கடலுக்குப் போயிடும். சுவர் அப்பிடியில்ல. காலையும் பின்னேரமும் முன்னால நிண்டு முழிச்சுக்கொண்டே இருக்கும்."

ஸுஹைரா சிரித்தாள். அவள் கேட்டது பெரிய வேலையல்ல. புத்தளம் கரைத்தீவு முன்பள்ளியின் உட்சுவரில் ஒரு வானம். அதில் சூரியன், பூமி, சந்திரன், நட்சத்திரம், கோள், வால்வெள்ளி, விண்கலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் பெயர். நான்கு வயதுப் பிள்ளைகள் விரல் வைத்துச் சொல்லிப் பழக வேண்டும். பெற்றோர் சேர்ந்து பெயின்ற் வாங்கித் தந்திருந்தார்கள். நீலம்தான் அதிகம்.

பிளேன்ரீ குடிக்கும்போது வின்சன்ட் கேட்டார். "டீச்சர் புத்தளமா?"

"இல்ல பாஸ். மன்னார்ப் பக்கம்."

"மன்னாரில எங்க?"

அவள் ஊரின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டால் இப்போதெல்லாம் வெளியாட்கள் யாரும் தலையசைப்பதில்லை. வின்சன்ட் அசைத்தார்.

"அந்தக் கரையில வாடி போட்டிருக்கம். கல்யாணம் முடிக்க முதல். கடலைப் பார்த்தமாதிரி ஒரு பள்ளி இருக்கும்."

"ஓம்."

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைத் தேய்க்கத் தொடங்கினார். தென்கரை மீனவர்கள் காற்றுக்குக் காற்று வந்து கடற்கரையில் வாடி போடுவதும், காற்று மாறியதும் குடிலைப் பிரித்துக்கொண்டு போவதும் ஸுஹைராவுக்கும் நினைவிருந்தது. அந்தக் குடில்களில் ஒன்றில் இவரும் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் நினைத்தாள்.

கரைத்தீவுக் குடியிருப்பில் ஊர் என்று சொன்னால் நிற்கிற இடத்தைச் சொல்வதாக அர்த்தமில்லை. ஊர் என்றால் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவந்த ஊர். இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்த பிள்ளையிடம் கேட்டாலும், கண்ணால் காணாத ஒரு பெயரைத் தயங்காமல் சொல்லும். ஸுஹைரா வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. கண்டவள். ஆனால் கண்டதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவளுக்கே நிச்சயமில்லை. தூக்கிவர முடிந்தது ஒரு பை. பைக்குள் ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் போய்ப் பார்த்துவந்தவர்கள் பற்றைக்காட்டையும் அத்திவாரத்தையும் பற்றிச் சொன்னார்கள். பள்ளிவாசலின் மினாரா இல்லை. அதன் உச்சியில் இருந்த பிறையும் இல்லை.

அந்தப் பிறையைப் பற்றி அவளிடம் ஒரு பழைய வழக்கு இருந்தது.

சீமெந்தில் செய்து வெள்ளையடித்த பிறை. தோணிபோல மல்லாந்து கிடக்கும். அதன் மடியில் ஒரு நட்சத்திரம், ஊர்ப்பேச்சில் வெள்ளி. அந்த நட்சத்திரத்துக்கு ஒரு கை குட்டை. பின்னேரம் வாப்பாவோடு கரையில் இருக்கும்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இதை அவள் பத்து வயதிலும் சொன்னாள். இருபது வயதிலும் சொன்னாள். யாரும் ஏற்கவில்லை. "சின்னப் புள்ளையில கண்டது, நீ எதையோ நினைச்சிட்டு இருக்காய்" என்றார் உம்மா. "பள்ளிக்கு ஆராவது மொட்டை வெள்ளி வைப்பாங்களா?" என்றார் பக்கத்துத் தெரு பதியுதீன் மாமா. அவர் ஊரில் பள்ளி நிருவாகத்தில் இருந்தவர். அவர் சொன்னால் அது முடிவு.

முப்பது வயதாகும்போது ஸுஹைரா அந்தக் கதையை விட்டுவிட்டாள். ஆனால் அது அவளை விடவில்லை. அந்தக் குட்டைக் கை தானே உண்டாக்கியது என்றால் மற்றவையும் அப்படித்தானா? கிணற்றடி வாழை, மணலில் வாப்பா கீறிக் காட்டிய முதல் எழுத்து, மஃரிபு தொழுகைக்கு முன்னால் கரை முழுக்க எழும்பும் அந்த வாசம். எதை நம்புவது?

வின்சன்ட் வேலை செய்த நாட்களில் முன்பள்ளிக்கு விடுமுறை. ஸுஹைரா பயிற்சி வகுப்புக்காகப் புத்தளம் நகருக்குப் போய்வந்தாள். திரும்பி வந்த பின்னேரம் கதவு திறந்து கிடந்தது. வின்சன்ட் மண்ணெண்ணெயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

சூரியன் நன்றாக இருந்தது. பூமியில் இலங்கையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார். விண்கலம் ஏறத்தாழ ஒரு படகு. முன்பக்கம் உயர்ந்து, பக்கத்தில் சிவப்புக் கோடும் ஓடியது. வால்வெள்ளி நத்தாருக்குத் தலவில கத்தோலிக்க வீடுகளில் தொங்குகிற வெள்ளிதான்.

பிறகு அவள் சந்திரனைப் பார்த்தாள்.

தோணிபோல மல்லாந்த பிறை. மடியில் நட்சத்திரம். வலப்பக்கக் கை பாதியில் முறிந்து மொட்டையாக நின்றது.

அவள் தோளில் இருந்த பையை இறக்கவில்லை.

"சரியா டீச்சர்?" என்றார் வின்சன்ட்.

"இது எங்கட பள்ளி."

"ஓம். கடல்ல இருந்து வரேக்க இதைப் பார்த்துத்தான் கரைக்குத் திருப்புவம். மொட்டை வெள்ளிப் பள்ளி எண்டுதான் நாங்க சொல்லுறது. குறை நினைக்காதீங்க." அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். "நீங்க சந்திரனை வேற, வெள்ளியை வேறயாத்தான் கீறச் சொன்னீங்க. எனக்கு மனசில இருக்கிற பிறை இது ஒண்டுதான். டீச்சருக்கும் சந்தோசமா இருக்கும் எண்டு பார்த்தன்."

படத்துக்குக் கீழே இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். சந்திரன். நட்சத்திரம்.

பிழை அவளுக்கு அப்போதே தெரிந்தது. அன்று காலைதான் பயிற்சி வகுப்பில் ஒரு பந்தையும் டோர்ச்சையும் வைத்துக் காட்டியிருந்தார்கள். பிறை என்பது வெளிச்சம் பட்ட பகுதி மட்டும். மிச்சச் சந்திரன் இருட்டில் அங்கேயே இருக்கிறது. அதன் மடியில் ஒரு நட்சத்திரம் தெரிய வழியில்லை. தெரிந்தும் அவள் வின்சன்டுக்கு இன்னொரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் முன்பள்ளி தொடங்கியது. பதியுதீன் மாமா மகளின் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவந்தார். வாசலில் பிள்ளையை இறக்கியவர் சுவரைக் கண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

வெகுநேரம் நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடினார்கள்.

"ஊர் விட்ட வருசக் காத்தில முறிஞ்சது" என்றார். "அடுத்த நோன்புக்கு முதல் சரி பண்ணித் தாறன் எண்டார் கொத்தனார். அடுத்த நோன்பு எங்களுக்கு அங்க கிடைக்கேல்ல."

ஸுஹைரா நட்சத்திரத்தைக் காட்டினாள். "அப்ப ஏன் மாமா இல்லையெண்டு சொன்னீங்க? இவ்வளவு காலமும்?"

"போன ஊரை முழுசாத்தான் சொல்லோணும் மகள். முறிஞ்சது உடைஞ்சதை எல்லாம் ஏன் சொல்லித் திரிவான்?"

அவர் போனபின் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிணற்றடி வாழை இருந்தது. மணலில் எழுத்து இருந்தது. எல்லாம் இருந்தது.

அதன்பின் ஊர்க்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். சிலர் சும்மா நின்று பார்த்தார்கள். ஒருத்தி சுவரைத் தொட்டுக் கையை முத்தமிட்டாள். ஸுஹைராவின் கணவன் அஸ்மின் புத்தளத்திலேயே பிறந்தவன். அவனுக்கு இது வேடிக்கை.

"நேர்சரியை ஸியாரமாக்கிட்டீங்க. இனி உண்டியலும் வச்சா சரி."

"நீங்க முதல்ல போடுங்க."

"ஒரு வெள்ளிக்கு ஒரு கை இல்லண்டு இவ்வளவு கதை ஈக்கிதா?"

"உங்களுக்கு விளங்காது. உங்கட பள்ளி நிண்ட இடத்திலயே நிக்குது."

அடுத்த நாள் அஸ்மினும் வந்து பார்த்தான்.

பிள்ளைகள் சொற்களை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன் என்றால் எல்லாரும் கைகளை விரிப்பார்கள். பூமி என்றால் தங்களையே சுற்றுவார்கள். சந்திரன் என்று சொல்லிப் பிறையில் விரல் வைப்பார்கள். நட்சத்திரம் என்று சொல்லி விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்துவார்கள். ஸுஹைரா பார்த்துக்கொண்டு நிற்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பாள். நாளையும் அப்படியே போகும்.

நோன்புப் பிறை பார்க்கும் பின்னேரம் வந்தது. மஃரிபு நேரம் ஆட்கள் களப்புக் கரையில் கூடினார்கள். மேற்கே தண்ணீருக்கு மேல் கொஞ்சம் மேகம். பிறகு மேகம் விலகியது. யாரோ "அந்தா" என்றார்கள். நகத்தால் கீறினமாதிரி மெல்லிய பிறை. ஆட்கள் கையேந்தினார்கள்.

றஹ்மா என்ற பிள்ளை வாப்பாவின் தோளில் இருந்தது. ஸுஹைராவின் வகுப்பில் அதிகம் கேள்வி கேட்கிற பிள்ளை.

"அது பிறையில்ல" என்றது.

"ஏன் மகள்?"

"வெள்ளி இல்ல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. "டீச்சர்ட சுவரில இருக்கு. உள்ளுக்கு வெள்ளி இருந்தாத்தான் பிறை. இது வேற என்னமோ." வீட்டுக்குப் போகும்வரை அழுதது.

காலையில் தாய் முனவ்வரா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவும் முடியாமல் ஏசவும் முடியாமல் நின்றாள்.

"டீச்சர், இவ நோன்பு இன்னும் வரேல்ல எண்டு நிக்கிறா. வாப்பாக்கு முன்னால பாணை வச்சிட்டு, தின்னுங்க, பிறை காணேல்லத்தானே எண்டு அடம். அந்த மனிசன் நோன்போட பாணைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நீங்க சொன்னாத்தான் கேப்பாவாம்."

ஸுஹைரா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. றஹ்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிற பார்வை.

அன்று அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். ஒரு வெள்ளைப் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். பக்கவாட்டில் டோர்ச்சைப் பிடித்தாள். பந்தில் ஒரு பிறை உண்டானது. பிள்ளைகள் ஆவென்றார்கள்.

"மிச்சம் எங்க போச்சு டீச்சர்?" என்றது றஹ்மா.

"எங்கயும் போகேல்ல. வெளிச்சம் படேல்ல. அதனால எங்களுக்குத் தெரியேல்ல. அங்கயேதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் பந்து ஆடாமல் நூலைப் பிடித்துக்கொண்டாள்.

றஹ்மா எழுந்து வந்து பந்தின் இருண்ட பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

"அப்ப வெள்ளி பந்துட வயித்துக்குள்ளயா இருக்கு?"

அன்று பின்னேரம் ஸுஹைரா வின்சன்டுக்குப் போன் எடுத்தாள். பின்னணியில் ஒலிபெருக்கி இரைந்தது. தலவிலையில் சந்தானம்மாள் கோயில் பெருநாள் தொடங்கும் காலம்.

"சொல்லுங்க டீச்சர். இங்க கடைப் பலகை, கொடித்தடி எல்லாம் என்ட தலையிலதான்."

"பாஸ், சுவரில ஒரு பிழை இருக்கு."

"எழுத்தா?"

"இல்ல. வெள்ளி இருக்கிற இடம்."

வின்சன்ட் சொன்னார். "அது இருந்த இடம் அதுதானே டீச்சர்."

"ஓம். பள்ளியில சரி. வானத்தில பிழை."

"ஹரி" என்று சிங்களத்தில் மெதுவாகச் சம்மதித்தார் வின்சன்ட். "பெருநாள் முடியட்டும். வாறன்."

கதை பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. பதியுதீன் மாமா சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை.

"அழிக்கப் போறியாம்."

"இடம் மாத்தப் போறம் மாமா."

"இடம் மாத்தினா அது எங்கட பிறையா? ஏதோ ஒரு பிறை, ஏதோ ஒரு வெள்ளி. நாளைக்கே ஊருக்குத் திரும்பிப் போறம் எண்டாலும் அது அங்க இல்ல. இருக்கிறது இந்தச் சுவரில மட்டும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"புள்ளைகள் இதைப் பார்த்துத்தான் படிக்குது. றஹ்மா பிறையைக் கண்ணால கண்டிட்டு இல்லையெண்டு அழுதிருக்கு."

"நாலு வயசுப் புள்ளைக்கு என்னத்துக்கு அவ்வளவு சரி? வளர்ந்தா தானா விளங்கிக்கொள்ளும்."

ஸுஹைரா மேசையிலிருந்த பந்தைக் கையில் எடுத்தாள். அதை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு மாமா. நான் கண்ணால கண்டதைச் சரியெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. வளர்ந்தும் எனக்கு விளங்கேல்ல. என்ட கண்ணையே நான் நம்பேல்ல."

பதியுதீன் மாமா வாசலைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நோன்பு போனது. ஓகஸ்ட் விடுமுறையும் வந்தது. நோன்புப் பெருநாளைக்குப் பதியுதீன் மாமா வீட்டு வட்டிலப்பம் வழக்கம்போல வந்தது. கொண்டுவந்தது மகள். வழக்கமாக அவரே வந்து, வாசலில் நின்று, உம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார். அஸ்மின் கிண்ணத்தைத் திறந்து பார்த்தான்.

"சீனி குறையல்ல. அப்ப அவ்வளவு கோவம் இல்ல."

ஸுஹைராவுக்குச் சாப்பிட மனம் வரவில்லை. அந்த நாட்களில் அவள் இரண்டு தடவை தனியாக முன்பள்ளிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு தடவை வின்சன்டுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லவும் நினைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். மேசையில் அந்தப் பந்து கிடந்தது. போனை வைத்துவிட்டாள்.

பாடசாலை தொடங்க முன்பு ஒரு காலை வின்சன்ட் வந்தார். கோயில் பெருநாள் வெயிலில் கறுத்திருந்தார். அவர் ஏணியைச் சாத்தும்போதே பதியுதீன் மாமாவும் வந்தார். பிள்ளைகளின் சிறிய கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சைத் தொட, அதில் இருந்தார். ஜனாஸா வீட்டில் துக்கத்துக்கு இருப்பதுபோல இருந்தார்.

வின்சன்ட் உப்புத்தாளால் நட்சத்திரத்தைத் தேய்த்தார். வெள்ளைத் தூள் கொட்டியது. அந்த ஓசை அறையில் நிறைந்தது. ஸுஹைரா தூளைக் கூட்டி ஒரு கடதாசியில் எடுத்தாள். எறிய மனம் வரவில்லை. மேசையில் வைத்தாள்.

பிறகு அவர் பிறையின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு வட்டம் கீறினார். உள்ளே கருநீலம் அடித்தார். சுற்றிலும் இருந்த நீலத்தைவிட ஒரு சொட்டு கடும் நிறம். தள்ளி நின்று பார்த்தால் முழுச் சந்திரனும் அங்கே இருப்பது தெரிந்தது.

"இப்பிடியா டீச்சர்?"

"இப்பிடித்தான்."

பதியுதீன் மாமா எழும்பி வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்ன, இருட்டுக்குள்ள?"

"மிச்சச் சந்திரன் மாமா. வெளிச்சம் படேல்ல."

"எப்பவும் இருக்குமா?"

"எப்பவும் இருக்கும்."

அவர் தலையசைத்தார். திரும்பிப் போய் அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

வின்சன்ட் சந்திரனுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிச் சுண்ணக்கட்டியால் நட்சத்திரத்தைக் குறித்தார். நான்கு கைகள் கீறினார். ஐந்தாவது கைக்கு வந்ததும் சுண்ணக்கட்டியை நிறுத்தினார்.

"டீச்சர், இடம் மாத்துறம்தானே. அதோட இதையும் முழுசாப் போட்டிடவா? ஒரு நிமிச வேலை."

ஸுஹைரா பதியுதீன் மாமாவைப் பார்த்தாள். முழுசாகத்தான் சொல்லவேண்டும் என்றவர் அவர். வின்சன்டும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு ஏணியில் நின்றார்.

வெளியே ஐஸ்கிறீம் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"கொத்தனாரே செய்யேல்ல" என்றார் பதியுதீன் மாமா. "நீ ஏன் செய்யோணும்? விடு. அப்பிடியே இருக்கட்டும்."

வின்சன்ட் ஐந்தாவது கையைப் பாதியில் நிறுத்தி வெள்ளையடித்தார். கீழே பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய இடத்தில் எழுதினார். நட்சத்திரம். மூன்று பேரும் பிளேன்ரீ குடித்தார்கள். பதியுதீன் மாமா வாடியைப் பற்றிக் கேட்டார். எந்தப் பக்கம், யாருடைய வலை, மீன் வாங்கினது யார் என்று. வின்சன்ட் ஒரு பெயரைச் சொன்னார். "அவர் என்ட மச்சான்" என்றார் பதியுதீன் மாமா. அந்த மச்சான் நிறுவையில் எப்படி விளையாடுவார் என்று வின்சன்ட் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நேரம் போனது.

பாடசாலை தொடங்கிய முதல் நாள் றஹ்மா சுவருக்கு முன்னால் நின்றது. இருட்டுப் பகுதியை விரலால் தொட்டது. வெளியே இருந்த நட்சத்திரத்தைத் தொட்டது.

"வெளிய வந்திட்டு" என்றது. போய்த் தன் இடத்தில் இருந்தது.

அடுத்த பிறைக்கு அதன் வாப்பா அதைத் தோளில் வைத்துக் களப்புக் கரைக்குக் கொண்டுபோனார். பிறையைக் கண்டதும் பிள்ளைதான் முதலில் சொன்னதாம். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மிச்சச் சந்திரன் எங்கே இருக்கிறது என்றும் காட்டிக் கொடுத்ததாம்.

வருட முடிவில் பெற்றோர் வருகிற நாளுக்குப் பிள்ளைகளின் படங்களை நூலில் கோத்துத் தொங்கவிட்டார்கள். ஸுஹைரா வானம் கீறச் சொல்லியிருந்தாள். சூரியன்கள் பல அளவில் இருந்தன. பூமி சில இடங்களில் சதுரம். சந்திரன் எல்லாவற்றிலும் முழு வட்டம், ஒரு ஓரம் மட்டும் வெள்ளை. நட்சத்திரங்கள் சந்திரனைத் தொடாமல் தள்ளி நின்றன. மஞ்சளிலும் சிவப்பிலும், ஒரு பிள்ளையின் படத்தில் பச்சையிலும் இருந்தன. ஒவ்வொன்றிலும் வலப்பக்கக் கை குட்டை.

அந்த வகுப்பில் ஊரைக் கண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அஸ்மின் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரிப் பிழை விட்டீக்கிது."

ஸுஹைரா நூலை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"இடம் சரிதானே" என்றாள்.